எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி வீடியோ கேமில் வேற்றுக்கிரகச் செடி தேடுபவர்களுக்கு

இந்த கேமின் ஒடிஸி என்ற விரிவாக்கத்தில் செடி தேட இறங்கும் பலர் கிரகத்தைப் பார்த்ததுமே கப்பலைத் தரையிறக்கிவிட்டு வெறும் பாறைகளுக்கு நடுவே அலைகிறார்கள். முதலில் மேலிருந்தே புரோப் (சிறு ஆய்வுக் கலம்) அடித்துக் கிரகம் முழுவதையும் மேப் செய்துவிடுங்கள், அப்போதுதான் எந்தெந்த உயிரினப் பேரினம் இருக்கிறது என்று தெரியும், ஒவ்வொன்றுக்கும் எங்கே வாய்ப்பு அதிகம் என்று தனித்தனி வண்ணப் படமும் கிடைக்கும். அப்புறம் அந்தப் பகுதியின் மேல் தாழப் பறந்து, கண்ணில் பட்ட பிறகு இறங்கினால் போதும். இருட்டுப் பக்கமாக இருந்தால் நைட் விஷன் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே இனத்தில் மூன்று மாதிரிகளை (சாம்பிள்) ஸ்கேன் செய்ய வேண்டும், அவற்றுக்கிடையே குறைந்தபட்ச தூரமும் வேண்டும். பேரினத்தைப் பொறுத்து இது மாறும்: டஸ்ஸாக்குக்கு 200 மீட்டர், பாக்டீரியத்துக்கு 500 மீட்டர், எலெக்ட்ரிகேவுக்கு 1000 மீட்டர். பாக்டீரியம் தரையோடு படலம் போல ஒட்டிக் கிடக்கும், உயரத்திலிருந்து பார்த்தால் வெறும் நிறத்திட்டுதான், அதனால் சமதளமான இடத்தில் நிதானமாகத் தேடுங்கள். மூன்றும் முடியும் முன் வேறு செடியை ஸ்கேன் செய்தால் பழைய கணக்கு போய்விடும், இதில் மட்டும் ரொம்பக் கவனம்.

யாரும் அதுவரை பதிவு செய்யாத கிரகம் என்றால் மொத்தம் 5 மடங்கு பணம் வரும், ஆகவே கூட்டம் வராத தொலைவுக்குப் போவது நல்லது. ஆனால் இந்தத் தகவலை வாங்கும் விஸ்டா ஜீனோமிக்ஸ் நிறுவனத்தில் விற்கும் முன் செத்துப்போனால் அத்தனை தகவலும் காலி, நிறையச் சேர்ந்ததும் திரும்பிவிடுங்கள்.