சின்னக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை: காசை எப்படிப் பிரித்துத் திரட்டினோம்

அம்மாவின் தையல் கடை கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. பழைய ஃபிளெக்ஸ் பலகையின் சிவப்பு எழுத்து வெயிலில் அடியோடு வெளுத்துப்போனது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கடை பூட்டியாச்சு என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். புதுப் பலகை ஏற ஐந்து மாதம் எடுத்தது. அதில் நாலு மாதம், எதை முதலில் செய்வது என்று தெரியாததால் போனது.

படி 1: கொட்டேஷனை மூன்றாக வாங்குங்கள்

சட்டம் (பலகையைத் தாங்கும் இரும்பு பிரேம்), முகப்பு (பெயர் வரும் முன்பக்கம்), லைட். மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் நான் போக மாட்டேன். காரணம், மூன்றுக்கும் காசு வரும் இடம் வேறு. சுவரில் அடிக்கும் இரும்புச் சட்டம் நீங்கள் போன பிறகும் கட்டடத்தோடு நிற்கும். முகப்பும் லைட்டும் உங்களோடு வரும்.

அமெரிக்காவில் பழைய கடைத்தெருக்களுக்கு உயிர் கொடுக்க 1980இல் தொடங்கிய மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தைப் பின்பற்றும் பல சின்ன ஊர்களில், கடை முகப்புக்கும் பலகைக்கும் மானியம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கடைக்காரர் போடுகிற காசுக்கு ஈடாக ஒரு பங்கு கிடைக்கும். எங்கள் ஒழுங்கைக்கு அப்படி யாரும் வரவில்லை. ஆனால் "பாதி நீங்கள், பாதி நாங்கள்" என்று கட்டடச் சொந்தக்காரரிடம் கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியது அதைப் படித்த பிறகுதான்.

படி 2: சொந்தக்காரரின் கடிதம்

நான் விழுந்த இடம் இதுதான். வாடகை கட்டுகிறோம், பலகை போடுவதற்கு என்ன தடை என்று நினைத்து, பலகை செய்பவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சுவரில் துளை போடப் போன அன்று கட்டடச் சொந்தக்கார ஐயா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"தம்பி, கடையைத்தான் வாடகைக்குத் தந்தனான். சுவரைத் தரேல்லை."

அட்வான்ஸ் மாட்டிக்கொண்டது, வேலை நின்றது. மூன்று மாதம் கழித்து அம்மாதான் போய்ப் பேசினா. ஐயாவின் பயம் காசைப் பற்றியது இல்லை. முன்பு ஒருவர் அடித்த ஆணித் துளைகளால் மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறியிருக்கிறது. துளைகளை சிலிக்கன் வைத்து அடைப்போம் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு சட்டத்தின் விலையில் பாதியை ஆறு மாத வாடகையில் கழிக்கவும் ஒத்துக்கொண்டார். ஆகவே முதலில் அவருடைய கவலையைக் கேளுங்கள், காசுப் பேச்சைப் பிறகு எடுங்கள். முடிந்ததும் சம்மதத்தைக் கடிதமாக வாங்குங்கள்.

படி 3: மாநகர சபை

பலகை செய்யக் கொடுக்க முன்னம் நகர மண்டபத்துக்குப் போய் அனுமதியையும் கட்டணத்தையும் கேளுங்கள். அளவு குறித்த படம், வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதி, சொந்தக்காரரின் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள். கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

படி 4: மிச்சக் காசு

முகப்புக்குச் சீட்டுத்தான் என் தெரிவு. பத்துப் பேர், மாதம் 10,000 ரூபா, முறை வரும்போது கையில் 100,000. ஏலம் கூறி எடுக்கும் சீட்டு வேண்டாம், அவசரப்படுபவர்தான் அதில் இழப்பார். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கும் பேச்சும் வந்தது. பலகைக்காக நகையை வைக்காதீர்கள். வட்டி மாதாமாதம் ஏறும், பலகை கொண்டுவரும் வருமானம் மெல்லத்தான் வரும்.

குளிர்பான, தொலைபேசி நிறுவனங்கள் இலவசமாகப் பலகை தருவதுண்டு. பலசரக்குக் கடைக்குச் சரி. தையல் கடைக்கு நான் மாட்டேன், அம்மாவின் பெயர் ஒரு மூலைக்குப் போய்விடும்.

படி 5: செய்யும்போது

கடற்காற்றில் சாதாரண இரும்பு தாங்காது, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பொக்ஸ் பாரும் துருப்பிடிக்காத ஸ்குரூவும் கேளுங்கள். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பொதுக் கணக்கு. 60 அடியில் வாசிக்க 6 அங்குலம் வேண்டும்.

தமிழ் எழுத்தை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். நாங்கள் யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய பாமினி எழுத்துருவில் திறந்தபோது எல்லாம் குறியாகிவிட்டது. திருப்பி அடித்ததில் "பொ" உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றது. வெட்டுவதற்கு முன் தாளில் அச்செடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சிங்கள வரிக்கும் அதே மாதிரி ஒருவரைப் பிடியுங்கள்.

லைட் பில் பயத்தை இப்படிக் கணக்குப் பாருங்கள்: ஒரு வாட் எல்.ஈ.டி. 60, இரவில் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிட்.

பின்சேர்க்கை: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தா. அவவின் கட்டடம் கைமாறியதும், புதுச் சொந்தக்காரர் பழைய கடிதத்தை ஏற்கவில்லையாம். நாங்கள் உடனே எங்கள் கடிதத்தை வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்து, ஒரு வரியும் சேர்த்தோம்: "வெளியேறும்போது சட்டம் கட்டடத்துக்கு, முகப்பும் லைட்டும் கடைக்காரருக்கு." ஐயா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்.