ஜப்பானில் டாக்சி ஏறும்போது
ஜப்பானில் டாக்சி ஏறினால் ஓட்டலின் பெயரைச் சொல்லிச் சிரமப்படாமல், அதன் தொலைபேசி எண்ணை ஓட்டுநரிடம் காட்டுங்கள். அங்கே கார்களில் இருக்கும் வழிகாட்டிக் கருவியில் அந்த எண்ணைத் தட்டினாலே பெரும்பாலும் இடம் வந்துவிடும். பல தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி வட்டாரம், பிளாக், கட்டட எண் என்றுதான் போகும். அதை ஆங்கில எழுத்தில் நீட்டினால் உள்ளூர்க்காரரே தடுமாறுவார். எண்ணில் அந்தச் சிக்கல் இல்லை.

தொலைபேசி எண் +81 என்ற ஜப்பானின் நாட்டுக் குறியீட்டோடு தொடங்கினால் அதை எடுத்துவிட்டு 0 போடுங்கள். டோக்கியோ நகர எண் என்றால் 03 என்று ஆரம்பிக்கும். இணையம் இல்லாமல் போகலாம், அதனால் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

வாடகை வீடுகள், புதிதாகத் திறந்த கடைகள், செல்பேசி எண்கள் இதில் சிக்காது. அப்போது ஜப்பானிய எழுத்தில் உள்ள முகவரியையே காட்ட வேண்டும்.