ரெக்சினுக்கு வண்ணம் அடிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளுத்துப்போன ரெக்சின் சோபா, நிறம் மங்கிய கைப்பை, ஓரம் தேய்ந்த ஜாக்கெட் என்று வீட்டில் கிடப்பவற்றுக்குத் தாங்களே வண்ணம் அடிக்கிறவர்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம். ஒழுங்காக அடித்தால் ஒரு பொருளைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றலாம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாதியில் கெடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவரும்போது பார்த்தால், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே தவறுகள்தான். தரையில் பேப்பர் விரிக்காதது, பிரஷ்ஷைக் கழுவாமல் விட்டது எல்லாம் ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனாமல் பெயின்ட்

இதைப் பற்றி நீளமாகத்தான் சொல்ல வேண்டும். கிரில் கேட்டுக்கு அடித்தது போக அரை டப்பா இனாமல் மீதம் இருக்கும். பளபளப்பாக இருக்கிறது, தண்ணீர் பட்டால் போகாது, ஜன்னல் கம்பியில் வருடக்கணக்கில் நிற்கிறது, சோபாவில் நிற்காதா என்று தோன்றும். கடையில் விசாரித்தாலும், "தாராளமா அடிங்க சார், எல்லாத்துக்கும் பிடிக்கும்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

தண்ணீர்க் குழாய் செய்கிற பி.வி.சி.தான் பெரும்பாலான ரெக்சினின் மேல்பூச்சும். குழாய் விறைத்து நிற்கிறது, ரெக்சின் மடங்குகிறது. காரணம், ரெக்சினில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம். மேல்பூச்சின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவாக இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு நிரந்தரமாகப் பிணைந்திருப்பதில்லை, உள்ளே ஊறிக் கிடக்கிறது. இனாமலோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் முழுதாக இறுகும். மேலே இனாமலை அடித்ததும் கீழே இருக்கும் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஏறத் தொடங்கும். இறுக வேண்டிய படலம் இளகிப் பிசுபிசுக்கும். முதல் ஓரிரு நாள் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஏமாற்றுவதே அதுதான். வெயில் காலம் வந்தால் இன்னும் மோசம்.

தாம்பரம் பக்கம் ஒரு வீடு. மகள் நிச்சயதார்த்தத்துக்காக மெரூன் சோபாவை இனாமலால் கறுப்பாக்கியிருந்தார்கள். மறுநாள் தொட்டுப் பார்த்தபோது கையில் ஒட்டவில்லையாம். விசேஷத்தன்று மாப்பிள்ளையின் அத்தை அதில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தபோது பட்டுப்புடவை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்புத் திட்டு. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நான் போவதற்குள் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடவிட்டு, பவுடர் தூவி, பெட்ஷீட் விரித்து எல்லாம் பார்த்துவிட்டார்கள். பெட்ஷீட்டும் ஒட்டியிருந்தது.

"தின்னர் போட்டுத் துடைச்சா வந்துடாதா தம்பி?" என்று கேட்டார். வராது. இனாமலைக் கரைக்கிற அளவுக்கு வீரியமுள்ள தின்னர், அடியிலிருக்கும் பி.வி.சி.யையும் கடித்துவிடும். தோல் போன்ற அந்த வரிகள் மழுங்கி, இடத்துக்கு இடம் கொழகொழவென்று ஆகும். பிசுபிசுப்பின்மேல் சரியான பெயின்ட்டை அடித்து மூடலாமா என்றால் அதுவும் கூடாது. அடியில் இளகிய படலம் நகர நகர மேலே அடித்தது விரிசல் விடும். கடைசியில் சோபாவின் உறை முழுவதையும் பிரித்து, புது ரெக்சின் வாங்கித் தைத்தோம். ஸ்பாஞ்சும் மரமும் நன்றாகத்தான் இருந்தன. மீதமிருந்த அரை டப்பா பெயின்ட்டை வீணாக்கக்கூடாது என்று நினைத்ததற்கு அவ்வளவு செலவு.

வாங்க வேண்டியது தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக் பெயின்ட், அதுவும் தோலுக்கும் வினைலுக்கும் (பி.வி.சி.யைத்தான் வினைல் என்பார்கள்) என்று டப்பாவிலேயே எழுதியிருப்பது. ஏஞ்சலஸ் போன்றவை ஆன்லைனில் கிடைக்கின்றன. விலை அதிகம்தான், ஆனால் சின்னப் பாட்டிலே ஒரு கைப்பைக்குத் தாராளமாகப் போதும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும் தண்ணீரில் கலப்பதுதானே என்று எடுக்க வேண்டாம். சுவர் மடங்குவதில்லை, சீட் மடங்கும். எந்தப் பெயின்ட்டாக இருந்தாலும் முதலில் சோபாவின் அடிப்பக்கம் உள்ளங்கை அளவு அடித்து ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் அதன்மேல் வெள்ளைத் துணியை வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். துணி ஒட்டினாலோ நிறம் இறங்கினாலோ அந்தப் பெயின்ட் வேண்டாம்.

உரியத் தொடங்கியதன்மேல் அடிப்பது

மெத்தென்று, நிஜத் தோல் மாதிரியே இருக்கும் பைகளும் ஜாக்கெட்டுகளும் பெரும்பாலும் பி.யு. பூச்சு. பாலியூரித்தேன். இதன் வியாதி வேறு. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளையே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். ஒருநாள்கூட எடுத்துப் போகாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பை, திறந்து பார்த்தால் சருகு சருகாக உதிர்வது இதனால்தான். உபயோகிக்காததால் கெட்டுவிட்டது என்று தங்களையே நொந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தவறே இல்லை.

உரியும் பி.யு.மீது அடித்த பெயின்ட், உரிகிற தோலோடு சேர்ந்து உதிரும். எவ்வளவு நல்ல பெயின்ட் என்பது அங்கே பொருட்டே இல்லை. சந்தேகமாக இருந்தால் மடிப்பு விழும் ஓர் இடத்தில் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் துணுக்குகள் வந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். சோபாவாக இருந்தால் உறையை மாற்றலாம். ஜாக்கெட்டாக இருந்தால், வருத்தம்தான், விட்டுவிடுவதே நல்லது.

அசிட்டோன்

நிஜத் தோலுக்கு வண்ணம் மாற்றுகிறவர்கள் முதலில் அசிட்டோனால் துடைப்பார்கள். அதை வீடியோவில் பார்த்துவிட்டு ரெக்சினிலும் செய்கிறார்கள். தோலில் மேலே இருக்கும் மெல்லிய பூச்சு மட்டும் போகும், அடியில் தோல் இருக்கும். ரெக்சினில் அந்தப் பூச்சுதான் எல்லாமே. அது போனால் மிஞ்சுவது துணி. நெயில் பாலிஷ் ரிமூவரிலும் பெரும்பாலும் அசிட்டோன்தான் இருக்கும், அதையும் தொடாதீர்கள்.

எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடுவது

தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய், கை வைக்கும் இடத்தில் வியர்வை. நம் வீட்டுச் சோபாக்களில் பெயின்ட் முதலில் உரிவது இந்த இரண்டு இடங்களில்தான். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் சில சொட்டு விட்டு, மென்மையான துணியால் துடையுங்கள். ஈரத்துணியால் மறுபடி துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு லேசாக ஒருமுறை. ஊற்றித் தேய்க்கக்கூடாது. பளபளப்பு அதிகமாக இருந்தால் 600 நம்பர் உப்புத்தாளால் மேலோட்டமாக ஓர் இழுப்பு இழுத்தால் பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். பி.யு.வில் அதுவும் பார்த்துச் செய்ய வேண்டும், பூச்சு அவ்வளவு மெல்லியது.

சோபாவுக்குக் கார் டேஷ்போர்டு பாலிஷ் போட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றில் சிலிகோன் இருக்கும். அதன்மேல் பெயின்ட் பரவாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

ஷூ பாலிஷ், தோல் சாயம்

ஊறுவதற்கு இங்கே தோல் இல்லை. எல்லாம் வேட்டியில்தான் ஒட்டும்.

ஒரே தடவையில் முடிக்க நினைப்பது

முதல் கோட் அடித்ததும் திட்டுத் திட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருக்கும். பயந்துபோய் அதன்மேலேயே இன்னும் அப்புகிறார்கள். தடித்த படலம் மடிப்பில் உடையும். ஒவ்வொரு கோட்டையும் மெல்லிய படலமாக அடித்து, அது காய்ந்த பிறகு அடுத்தது. பிரஷ்ஷைவிட ஸ்பாஞ்ச் துண்டில் தொட்டு ஒற்றினால் கோடு விழாது. கறுப்பை வெள்ளையாக்க ஆசைப்பட்டால் கோட்டுகள் கூடிக்கொண்டே போகும், தேய்கிற ஓரங்களில் கறுப்பு எட்டிப் பார்க்கும். இருக்கிற நிறத்துக்குப் பக்கத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் யோசனை.

பைக் சீட்

வேண்டாம். வெயில், மழை, உராய்வு மூன்றையும் இந்தப் பெயின்ட் தாங்காது.

காய்ந்ததை இறுகியதாக நினைப்பது

கையில் ஒட்டாமல் காய அரை மணி நேரம் போதும். முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் கூடுதலாகவே எடுக்கும், முடிந்தால் அந்த மாதங்களில் தொடங்கவே வேண்டாம். சீட்டுக்கும் பையின் கைப்பிடிக்கும் மேலே ஃபினிஷர் என்று விற்கும் நிறமில்லாத காப்புப் பூச்சும் அவசியம். வியர்வைக் கை படுகிற இடம் அதுதான்.

இறுகிய பிறகும் வண்ணம் அடித்த இரு பரப்புகள் ஒன்றோடொன்று அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். பையை மூடிவைக்கும்போது மடிப்புக்கு நடுவே பழைய பருத்தித் துணி ஒன்றை வையுங்கள். பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி வைக்காதீர்கள்.