அன்லிமிடெட் சுஷிக்குப் போறீங்களா? மலை இறங்குறதுக்கு முன்னாடி இதப் படிச்சுட்டுப் போங்க

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு சுஷி (வினிகர் கலந்த சோத்தோட மீனோ காயோ வச்சுத் தர்ற ஜப்பான் சாப்பாடு) அறிமுகம் ஆகறது பெரும்பாலும் ஒரே வழியிலதான். புள்ளைங்க பெங்களூர்லயோ சென்னையிலயோ வேலையில இருப்பாங்க, பாக்கப் போனா "இன்னைக்கு அன்லிமிடெட் சுஷி, கெளம்புங்க"ன்னு கூட்டிட்டுப் போயிருவாங்க. அங்க போய் உக்காந்தா ஒரு தலைக்கு இவ்ளோன்னு ரேட், காசு குடுத்தாச்சு அதுக்கு மேல சாப்ட்டே ஆகணும்ங்கற வெறி, முதல் இருவது நிமிஷத்துலயே வயிறு கல்லு மாதிரி ஆயிரும், அப்புறம் நல்ல மீன் வரும்போது பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். வயிறு பெருசா இருக்கறவங்களுக்கு இல்ல, எத முதல்ல ஆர்டர் பண்ணணும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அன்லிமிடெட் லாபம்.

முதல்ல ரேட். வார நாள் மதியம்தான் பொதுவா கம்மி, சனி ஞாயிறு டின்னர் எல்லா எடத்துலயும் ஏத்திருவாங்க. போன் பண்ணி கேட்டுக்கங்க: டேக்ஸ் சேத்தா இல்ல தனியா, டைம் லிமிட் இருக்கா (பல எடத்துல 90 நிமிஷம் இல்லேன்னா 2 மணி நேரம்), சஷிமி அதாவது சோறு இல்லாத வெறும் மீன் துண்டு இந்த ரேட்டுக்குள்ள வருதா, மீதி வச்சா பைன் உண்டா, சின்னப் புள்ளைங்களுக்கு என்ன ரேட்டு. அதோட ஒரு முக்கியமான கேள்வி, பஃபேயா அடுக்கி வச்சிருப்பாங்களா இல்ல ஆர்டர் எடுத்துப் போட்டுத் தருவாங்களா. ரெண்டும் இருந்தா கண்ண மூடிட்டு ஆர்டர் எடுக்கற எடத்துக்குப் போங்க. சுஷி சோறு கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூட்டுல இருக்கணும், ஏசியில தட்டுல கெடந்து காஞ்சுபோனா பருக்கை பருக்கையா வெறச்சுக்கும், சுத்தியிருக்கற நோரி (கடல்பாசித் தாள்) நமுத்துப் போய் இழுத்தா ரப்பர் மாதிரி வரும். தட்டு எல்லாம் பெல்ட்டுல சுத்தி வர்ற கடையா இருந்தாலும் இதே கதைதான். ஒசாகாவுல 1958-ல ஷிராய்ஷி யோஷியாகின்னு ஒருத்தர் பீர் ஃபேக்டரி பெல்ட்டப் பாத்துட்டு அதே மாதிரி சுஷிக்குப் போட்டாரு, ஐடியா சூப்பர்தான், ஆனா எந்தத் தட்டு எத்தன ரவுண்டு சுத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? கிச்சன் வாசல் பக்கம் உக்காருங்க, புதுசா வர்றத எடுங்க.

காலையிலேர்ந்து பட்டினி கெடந்துட்டுப் போகாதீங்க. ரெண்டு இட்லி சாப்ட்டுட்டே போகலாம். பட்டினியா போனா முதல்ல வர்ற சோறு, பொரிச்ச ஐட்டம் எல்லாத்தயும் அள்ளிப் போட்டுருவோம்.

இப்போ மேட்டருக்கு வருவோம். இந்த எடத்துல கடைக்காரர்க்கு லாபம் சோத்துலதான். மீன் விலை ஜாஸ்தி, சோறு விலை கம்மி, அதனால கம்மி ரேட் கடைல ரோல் (நோரியில சோத்தச் சுத்தி துண்டு போட்டது) எல்லாம் பெருசா மயோனைஸ் ஊத்தி, உள்ள பொரிச்ச தூள் போட்டு கவர்ச்சியா இருக்கும். அவங்க பிசினஸ் அது, தப்பு சொல்ல மாட்டேன். ஆனா கணக்குப் பாருங்க, ஒரு சின்ன ரோலுக்கே ஏறக்குறைய 80 கிராம் சோறு போகுது, மூணு ரோல் உள்ள போச்சுன்னா கால் கிலோ கிட்ட சோறு, அதுவும் வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த ஒட்டற சோறு. நிகிரின்னு ஒண்ணு இருக்கு, விரல் நீளத்துக்கு சோத்த புடிச்சு மேல மீன் துண்டு வச்சிருப்பாங்க, அதுல ஒரு பீஸுக்கு 15-20 கிராம்தான் சோறு. அதனால சஷிமி இருந்தா சஷிமி, அடுத்து நிகிரி, ரோல் எல்லாம் கடைசியில ருசி பாக்க மட்டும். சில புத்திசாலிங்க மீன மட்டும் உரிச்சுத் தின்னுட்டு சோத்த டிஷ்யூக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க, வேணாம். கண்டுபுடிச்சா பைன் போடுவாங்க, அது போக பாக்கவே அசிங்கமா இருக்கும், நம்ம வீட்ல யாராச்சும் அப்டி பண்ணா சும்மா விடுவோமா.

ரெண்டு பேருக்கு முதல் ரவுண்டுல ஆறு எட்டு பீஸ் போதும். அது வந்து, சாப்ட்டு, நல்லாருந்தா அடுத்தது. மொத்தமா ஷீட்ல டிக் அடிச்சுக் குடுத்தா டேபிள் நெறஞ்சிரும், மீதியும் ஆகும். மைல்டானதுலேர்ந்து ஆரம்பிங்க, வெள்ள மீன், கணவாய், அப்புறம் சூரை, அதுக்கப்புறம் கொழுப்பு ஜாஸ்தி உள்ள சால்மன், கடைசியா இனிப்பு சாஸ் தடவின விலாங்கு. முதல்லயே விலாங்கும் மயோனைஸ் ரோலும் சாப்ட்டா அப்புறம் வெள்ள மீன்ல ஒரு ருசியும் தெரியாது.

பச்சை மீனா, ஐயயோன்னு சொல்றவங்க கூட தாராளமா வரலாம். இறால் நிகிரி பெரும்பாலும் அவிச்சதுதான், விலாங்கு எப்பவும் வெந்ததுதான், தமகோன்னா ஆம்லெட், நண்டு ஸ்டிக்னு வர்றது மீன் சதைய அரைச்சுப் பண்ணது, அதுவும் வெந்தது. சைவம்னா வெள்ளரிக்கா ரோல், பட்டர் ஃப்ரூட் ரோல் (குன்னூர்ல கிலோ கணக்குல வாங்கற அதே பழம்தான்), டோஃபு பையில சோறு வச்ச இனாரி. ஆனா சுத்த சைவம் சாப்பிடறவங்க ஒண்ணு கவனிங்க, மிசோ (புளிக்க வச்ச சோயா விழுது) சூப்புலயும் சில சாஸ்லயும் தாஷின்னு ஒரு ஸ்டாக் போடுவாங்க, அது பெரும்பாலும் காஞ்ச சூரை மீன்ல எடுக்கறது, நம்ம மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். இனாரிய வேக வைக்கறதும் பல எடத்துல அதுலதான். கேக்காம குடிக்காதீங்க.

பச்சை மீன் சேஃபாங்கறது நியாயமான கேள்வி. மீனுக்குள்ள இருக்கற புழு சாகணும்னா மைனஸ் 20 டிகிரில 7 நாள், இல்லேன்னா மைனஸ் 35-ல கெட்டியா ஒறய வச்சு 15 மணி நேரம் வைக்கணும்னு அமெரிக்க எஃப்டிஏ (அங்க உணவு, மருந்தக் கண்காணிக்கற அரசு அமைப்பு) சொல்லுது. அதனால ஃப்ரோசன் மீன்னு கடைக்காரர் சொன்னா மூஞ்சி சுளிக்காதீங்க, அது நல்ல பதில். கர்ப்பமா இருக்கறவங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா உள்ளவங்க பச்சை மீன் பக்கமே போக வேணாம். மீன் வாடை தூக்கலா வந்தா, பீஸ் வழவழன்னு இருந்தா, தள்ளி வச்சுருங்க, காசு குடுத்தாச்சேன்னு முழுங்காதீங்க. இத்தோட இன்னொண்ணு, சுஷி சாப்ட்டு வந்த ஜோர்ல அவலாஞ்சி ட்ரௌட் வாங்கி வீட்லயே பண்ணலாம்னு சில பேருக்குத் தோணும். நன்னீர் மீன பச்சையா சாப்பிடறது ரிஸ்க், வீட்டு ஃப்ரீசர் அவ்ளோ கூலிங்கும் போகாது. ட்ரௌட்ட மஞ்சத்தூள் மொளகாத்தூள் தடவி வறுத்துக்கங்க, அதான் அதுக்கு மரியாத.

சாப்பிடற விதத்துக்குப் பயப்படாதீங்க. சாப்ஸ்டிக் வராதா, கையாலயே எடுங்க, நிகிரிய ஜப்பான்லயே கையாலதான் நெறய பேர் சாப்பிடறாங்க. சஷிமிக்கு மட்டும் சாப்ஸ்டிக், வராட்டி ஃபோர்க் கேளுங்க. நிகிரிய கவுத்து மீன் பக்கமா சோயா சாஸ்ல லேசா தொடுங்க, சோத்து பக்கம் தொட்டா உறிஞ்சி ஒடஞ்சு போகும், உப்பும் ஏறிரும். பிபி இருக்கறவங்க ஜாக்கிரத, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ்ல கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம், ஒரு நாளைக்கே 2000-க்குள்ள இருக்கணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். பச்சையா உருண்டையா இருக்கறது துவையல் இல்ல, வசாபி. கம்மி ரேட் கடைல அது நெசமான வசாபியும் கெடையாது, ஹார்ஸ்ராடிஷும் கடுகும் பச்சைக் கலரும்தான். காரம் நாக்குல நிக்காது, நேரா மூக்குல ஏறும், கடுகுத் தலை அளவு எடுத்து ஆரம்பிங்க. இஞ்சித் துண்டு ரோஸா இருக்கும், அத சுஷி மேல வைக்கறது இல்ல, ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவுல வாய சுத்தம் பண்ணிக்கறதுக்கு. கூல்ட்ரிங்க்ஸ் வேணாம், கேஸ் வயித்த நிரப்பிரும், க்ரீன் டீ ஃப்ரீயான்னு கேட்டு அத குடிங்க.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேத்திருந்தா எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயம் இல்லன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிருச்சு. ஜிஎஸ்டி வேற, அது குடுத்துதான் ஆகணும். பார்சல் கேக்காதீங்க, அன்லிமிடெட்ல பொதுவா கெடையாது, குடுத்தாலும் ஊட்டி வந்து சேர்றதுக்குள்ள சோறு வெறச்சிரும், மீனும் அவ்ளோ நேரம் கூலிங் இல்லாம இருக்கக் கூடாது.

கடைசியா திரும்பி வர்ற ரூட், இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பெங்களூர்லேர்ந்து கார்ல அன்னைக்கே திரும்பறதா இருந்தா, பந்திப்பூர் காட்டுல நைட் 9 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும் ரோடு மூடிருவாங்க, அதனால லஞ்ச் ஸ்லாட்ல முதல் ஆளாப் போயி ரெண்டு மணிக்குள்ள கெளம்பிருங்க, டின்னர்னா அங்கயே தங்கிருங்க. சென்னைன்னா பிரச்சன இல்ல, மதியம் சாப்ட்டு நைட் நீலகிரி எக்ஸ்பிரஸ்ல படுத்துட்டா காலைல மேட்டுப்பாளையம். கோயம்புத்தூர் போனவங்களுக்குத்தான் சிக்கல், சாப்ட்டு ஒரு மணி நேரத்துல மலைப்பாத வந்துரும், மேட்டுப்பாளையத்துல எறங்கி கொஞ்ச நேரம் நடந்துட்டு, லெமன் சோடா குடிச்சுட்டு அப்புறம் ஏறுங்க. மசினகுடி வழியா வர்றவங்களுக்கு கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு காத்திருக்கு, மயோனைஸ் ரோல் ஜாஸ்தி சாப்ட்டவர முன் சீட்ல உக்கார வச்சு ஜன்னல எறக்கி விட்ருங்க, கவர் ஒண்ணு கையிலயே இருக்கட்டும்.