ஸ்கிரீன் ரீடரில் ஒழுங்காக வாசிக்கும்படி பாடக்குறிப்பு தயாரிப்பது எப்படி?

உங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் மடிக்கணினி உண்டு, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரும் உண்டு. பிறகென்ன, குறிப்பை அனுப்பிவிட்டால் படித்துக்கொள்வார் என்றுதான் தோன்றும். பல நேரம் அப்படி நடப்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அவருடைய மென்பொருளில் இல்லை, நாம் அனுப்பும் கோப்பில்தான். அதைச் சரிசெய்ய, வேர்டில் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும்.

படி 1: முதலில் கேளுங்கள்

எந்த ஸ்கிரீன் ரீடர், படிப்பது கணினியிலா போனிலா, பிரெயிலும் படிப்பாரா, கொஞ்சமாவது பார்வை இருக்கிறதா என்பதை மாணவரிடமே கேளுங்கள். ஓரளவு பார்வை உள்ளவருக்குப் பெரிய எழுத்தும் நல்ல கறுப்பு வெள்ளை வேறுபாடும் மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

படி 2: நீங்களும் ஒன்றை நிறுவுங்கள்

விண்டோஸுக்கு என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. முற்றிலும் இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது. அதனுடனே வரும் இஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. கேட்க இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும். பேச்சை நிறுத்தக் கண்ட்ரோல் கீ மட்டும். இதை முதலிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது பேசிக்கொண்டே இருக்கும்! என்விடிஏ மெனுவில் டூல்ஸ் பகுதியில் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. அதைத் திறந்தால் பேசுவதெல்லாம் எழுத்திலும் வரும், புதியவர்களுக்குப் பெரிய உதவி.

படி 3: எழுத்துரு யூனிகோடுதானா?

ஒவ்வொரு மொழியின் எழுத்தையும் அந்த எழுத்தாகவே கணினி அடையாளம் காணும் பொது முறைதான் யூனிகோடு. தமிழில் அதிகமாகக் காலை வாரிவிடுவது எழுத்துருதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த குறிப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது ஆங்கிலம். பாமினியில் ‘அம்மா’ என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற வரிசை. ஸ்கிரீன் ரீடரும் அதையேதான் வாசிக்கும். பாவம், அதைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்?

சோதிப்பது எளிது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தால் பழைய எழுத்துரு. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஒரு எச்சரிக்கை: குறிப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சேர்ந்து மாறிக் குழம்பிவிடும். மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

படி 4: தலைப்புக்கு ஹெட்டிங் ஸ்டைல்

எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தி ஹெட்டிங் 1 ஆக்குங்கள், துணைத்தலைப்புக்கு 2. அப்படிச் செய்தால், என்விடிஏவின் பிரவுஸ் மோடில் (ஒற்றைக் கீகளால் கோப்புக்குள் தாவும் முறை) ஹெச் கீயை அழுத்தியே மாணவர் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். இல்லாவிட்டால் இருபது பக்கக் குறிப்பில் ஒரு வரியைத் தேட முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

படி 5: படங்களும் கணக்கும்

படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஆல்ட் டெக்ஸ்ட் வரும், படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் விவரிப்பு அது. அதில் ‘இதயத்தின் படம்’ என்று எழுதிவிட்டு நகர்வதால் பயனில்லை. ‘இதயத்தின் வலது பாதி: மேலே வலது ஏட்ரியம், கீழே வலது வென்ட்ரிக்கிள், நடுவில் மூவிதழ் வால்வு’ என்று எழுதினால் பாடம் நடக்கும். ஆனால் அதே படம் தேர்வில் ‘இந்தப் பாகத்தின் பெயர் என்ன?’ என்ற கேள்வியோடு வந்தால், இந்த விவரிப்பே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும்! எனவே எங்கே, எதற்காகப் பயன்படுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். வெறும் அலங்காரப் படமாக இருந்தால் அலங்காரம் என்று குறிக்கும் வசதி அங்கேயே உள்ளது.

கணக்கில் ஒரு பொறி உண்டு. ஐந்தின் மேல் சிறிய 2 போட்டு வர்க்கம் என்று எழுதினால், பல நேரம் ஸ்கிரீன் ரீடர் ஐம்பத்திரண்டு என்று வாசித்துவிடும். சின்னக் கணக்கென்றால் ‘5இன் வர்க்கம்’ என்று சொல்லாகவே எழுதலாம். நீளமான சமன்பாடுகளுக்கு வேர்டின் ஈக்வேஷன் வசதிதான் சரி. அதைப் படமாக ஒட்டவே கூடாது.

படி 6: அட்டவணை

ஒன்றாக இணைத்த கட்டங்கள் வேண்டாம். முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். அவ்வளவுதான்.

படி 7: எந்த வடிவில் அனுப்புவது?

முடிந்தவரை வேர்டு கோப்பாகவே அனுப்புங்கள் என்பேன். தமிழ் பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துகள் சிதைவது சகஜம். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் பிரிண்ட் வழியாகப் போகாமல் ‘சேவ் ஆஸ்’ மூலம் சேமியுங்கள். பிரிண்ட் வழியில் நீங்கள் பாடுபட்டுப் போட்ட தலைப்புக் குறிகளெல்லாம் காணாமல் போய்விடும். பக்கத்தைப் போட்டோ எடுத்தோ ஸ்கேன் செய்தோ அனுப்பினால் அது வெறும் படம்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். பிழைகள் இருக்கும், திருத்தியே அனுப்புங்கள்.

படி 8: திரையை அணைத்துச் சோதியுங்கள்

மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல், என்விடிஏவை மட்டும் வைத்துக்கொண்டு குறிப்பின் மூன்றாவது தலைப்புக்குப் போய் முதல் கேள்வியைக் கண்டுபிடியுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அந்தக் கோப்பில் இன்னும் வேலை இருக்கிறது. மாணவர் கேட்கும் வேகத்தைப் பார்த்து மிரளாதீர்கள். பழகியவர்கள் நமக்குப் பிடிபடாத வேகத்தில் வைத்திருப்பார்கள், அதைக் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கோப்பின் பெயர். அதையும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். ‘ஸ்கேன்0047’ என்று இருப்பதைவிட ‘அறிவியல் பாடம் 6 இரத்த ஓட்டம்’ என்று இருந்தால் திறக்காமலே தெரிந்துவிடும். வகுப்பு முடிந்தபின் அல்ல, வகுப்புக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.