வேலூர்த் தண்ணீரில் சுருட்டை முடி: தலைக்கு ஊற்றுவதிலிருந்து உலர்த்துவது வரை

சுருட்டை முடிக்காரர்களுக்கு ஊரே வைத்தியம் சொல்லும். எண்ணெயை அப்பி இழுத்துப் பின்னு என்பார் ஒருவர், மொட்டை போட்டால் நேராக முளைக்கும் என்பார் இன்னொருவர். மொட்டை வைத்தியம் சுத்தப் பொய். மயிர்க்கால் தோலுக்கு அடியிலேயே வளைந்திருப்பதால்தான் முடி சுருள்கிறது. மேலே மழித்தால் அடியில் எதுவும் மாறாது.

சுருட்டை ஏன் எப்போதும் வறண்டே கிடக்கிறது? தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேரான முடியில் சரசரவென்று நுனிவரை இறங்கிவிடும். வளைந்து வளைந்து போகும் முடியில் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் உச்சியில் பிசுக்கு, நுனியில் பரட்டை. கீழே சொல்லும் அத்தனை வேலையும் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஷாம்பு வாங்கும் முன் குளியலறைக் குழாயைப் பாருங்கள். வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் சொரசொரப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் போர் தண்ணீர் கடினநீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சொல்லவே வேண்டாம். தோல் ஆலைக் கழிவால் அங்கே நிலத்தடி நீர் கெட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பே வந்தது. கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படியும். படிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கண்டிஷனர் போட்டாலும் முடி நார்போலத்தான் இருக்கும்.

வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறதென்றால் தலைக்கு ஊற்ற இரண்டு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள். வராத வீட்டில் ஷாம்புவும் கண்டிஷனரும் போர் தண்ணீரிலேயே நடக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ போதும். மாதம் ஒருமுறை, பாட்டிலின் பின்பக்கம் ‘டைசோடியம் ஈடிடிஏ’ அல்லது ‘டெட்ராசோடியம் ஈடிடிஏ’ என்று போட்டிருக்கும் கிளாரிஃபையிங் ஷாம்புவால் அலசினால் படிந்த உப்பு கழன்று வரும். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து கறுத்துவிடும்.

இன்னொன்று. கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் உலை வைத்ததுபோல் கொதிக்கும். அதைத் தலைக்கு ஊற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயும் போய்விடும். காலையிலேயே குளித்துவிடுங்கள்.

தலைக்கு ஊற்றும் நாள்

வாரம் இரண்டு முறை போதும். கீழே உள்ள அளவெல்லாம் தோள்வரை தொங்கும் முடிக்கு.

குளிக்க அரைமணி முன்பு இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை நடுமுடியிலிருந்து நுனிவரை தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும். ஊறி உப்பும்போது முடியின் புரதம் கரைந்து போகாமல் தடுக்கும். 

இரண்டு டீஸ்பூன் ஷாம்புவை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து தலைத்தோலில் மட்டும், நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்கவும். நுனிக்கு வழிந்து இறங்கும் நுரையே போதும். சீயக்காய்ப் பழக்கம் இருந்தால் தூளை அப்படியே தேய்க்காதீர்கள், சுருளுக்குள் சிக்கிய தூள் மூன்று நாளானாலும் உதிர்ந்துகொண்டிருக்கும். கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்து கண்டிஷனர், இரண்டு மேசைக்கரண்டி. சிக்கு எடுப்பது இப்போது மட்டும்தான். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். பள்ளிக்கூட அவசரத்தில் காய்ந்த தலையில் சீப்பை விட்டு இழுப்பதுதான் பிள்ளைகள் முடி பாதியில் அறுவதற்குக் காரணம். சிக்கு எடுத்ததும் கையில் தண்ணீர் அள்ளி, முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கி விடுங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் வந்தால் முடி போதுமான அளவு குடித்துவிட்டது. வழுக்கல் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி அலசுங்கள்.

சீப்பில் கொத்தாக முடி வந்தால் பதற வேண்டாம். யாருக்கும் தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிரும். நாம் நாலு நாளைக்கு ஒருமுறை சீவுவதால் மொத்தமாக வருகிறது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஆளி விதை ஜெல்

கடை ஜெல்லும் சரிதான், ஆனால் இது மலிவு. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்றே கேளுங்கள். கால் கப் விதை, இரண்டு கப் தண்ணீர், நடுத்தரத் தீ, ஏழிலிருந்து பத்து நிமிடம். கிண்டிக்கொண்டே இருங்கள், விட்டால் அடியில் ஒட்டும். வெள்ளை நுரை கட்டியதும் கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூல் விட்டு இறங்கினால் உடனே அடுப்பை அணைக்கவும். தாண்டினால் கெட்டியாகி வடிகட்டவே முடியாது. சூடாக இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் ஊற்றி, இடுக்கியால் பிழியுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தாலோ நீர்த்துப் போனாலோ கொட்டிவிடுங்கள், தலையில் பூஞ்சை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

போடுவதும் உலர்த்துவதும்

முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே மூன்று மேசைக்கரண்டி ஜெல்லை இரண்டு உள்ளங்கையிலும் பரப்பி, கும்பிடுவதுபோல் முடியை நடுவில் வைத்து மேலிருந்து கீழே தடவுங்கள். பிறகு நுனியிலிருந்து மேலே கசக்குங்கள். பாதி காய்ந்த முடியில் போட்டால் சுருள் சேராது, பஞ்சாகப் பிரியும்.

டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்கள் முடியைப் பிடித்து இழுக்கும். பழைய பருத்தி டி-ஷர்ட்டில் தலையைக் கவிழ்த்து இருபது நிமிடம் கட்டி வைத்து அவிழுங்கள். அதன்பின் ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள். கை வைக்காதீர்கள்! பாதி ஈரத்தில் விரலால் கோதுகிறவர்கள்தான் ‘எனக்கு மட்டும் சுருள் நிற்கவே மாட்டேங்குது’ என்பார்கள்.

முழுதாகக் காய்ந்ததும் முடி மொடமொடவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது ஜெல்லின் ஓடு. இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு கசக்கினால் உடைந்து மெத்தென்று ஆகிவிடும்.

வெள்ளைத் துகள் உதிர்கிறதா? ஜெல்லும் கண்டிஷனரும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் குழைத்துப் பாருங்கள், திரிந்தால் ஒன்றை மாற்ற வேண்டியதுதான். தொய்ந்து படுத்துக்கொள்கிறதா? கண்டிஷனர் அதிகம். காலை நன்றாக இருந்து மாலையில் பரட்டையாகிறதா? ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி நேராக உரசுகிறது, வழுவழுப்பான ஸ்கார்ஃப் கட்டுங்கள்.

இரவுக்குப் பீரோவில் மடிந்து கிடக்கும் பழைய ஆரணிப் பட்டு ஒன்றைத் தலையணை உறையாகத் தைத்துக்கொள்ளலாம். சரிகை உள்ள பார்டரையும் முந்தியையும் வெட்டி எடுத்துவிட்டு, உடல் பகுதித் துணியை மட்டும் பயன்படுத்துங்கள். சரிகை முடியை அறுக்கும். முடியை உச்சியில் தளர்வாகக் குவித்துத் துணி ரப்பர் பேண்டு போட்டுப் படுத்தால், காலையில் தண்ணீர் தெளித்துக் கசக்கினாலே போதும்.