கன்றை விடுங்கள், தாய்மரத்தைப் பாருங்கள்

சிறுமலையில் விருப்பாச்சி வாழைக்கன்று கேட்டு வருபவர்கள் கன்றைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஈட்டி போல் குறுகிய இலை விட்ட ஈட்டிக் கன்றா, கிழங்கு பருத்திருக்கிறதா, கூன்வண்டு துளைத்திருக்கிறதா என்று. இலைகளை உச்சியில் கொத்தாகக் குறுக்கிவிடும் முடிக்கொத்து நோயின் வைரஸ் அங்கே தெரியாது. தாய்மரத்தில் ஏறியது கிழங்கு வழியாக அந்தக் குத்தின் (ஒரே கிழங்கிலிருந்து கிளைத்த மரங்களின்) கன்றுகளுக்கெல்லாம் போய்விடும். கன்றோ கொஞ்ச நாள் பச்சைப்பசேல் என்று நிற்கும். 1970களில் கீழ்ப்பழனி மலையின் வாழைத் தோட்டங்களைச் சீரழித்தது இந்த நோய். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் என்பதால் எனக்கு இதில் தனி ஆதங்கம் உண்டு.

காலை வெயிலில் தோட்டத்துக்குப் போங்கள். புதிதாக விரிந்த இலையின் காம்பில், அடிப்பக்கம் படிந்திருக்கும் வெள்ளை மாவைக் கட்டைவிரலால் துடைத்துவிடுங்கள். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, விட்டு விட்டுத் தெரிகிறதா? அடுத்து இலையை வெயிலுக்கு நேரே தூக்கி, நடுநரம்பை ஒட்டிய இடத்தை அடியிலிருந்து பாருங்கள். மெல்லிய நரம்புகள் கரும்பச்சைக் கொக்கியாக வளைந்து நடுநரம்பில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். இலை குறுகி, ஓரம் மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நிற்கும்வரை காத்திருந்தால் பக்கத்து மரங்களுக்கும் பரவியிருக்கும்.

பரப்புவது வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. அடித்தண்டின் காய்ந்த மட்டையை விலக்கினால் பழுப்பும் கறுப்புமாக அப்பியிருக்கும். எறும்பு சாரையாக ஏறினால் அங்கே முதலில் பாருங்கள். அரிவாளைக் குறை சொல்பவர்கள் உண்டு. இந்த வைரஸ் வெட்டுக்கத்தியால் பரவுவதில்லை.

நோய்க் குத்தை எடுத்த எடுப்பில் வெட்டாதீர்கள். வெட்டினால் அசுவினி அடுத்த மரத்துக்குப் பறக்கும். முதலில் மருந்தடித்து அதைக் கொல்லுங்கள், பிறகு கன்றுகளோடு கிழங்கைத் தோண்டித் துண்டு துண்டாக நறுக்குங்கள். ஒரு துண்டு கிழங்கு மண்ணில் தங்கினாலும் நோயோடு முளைத்து வரும்.

ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று என்ற பெயர் மட்டும் போதாது. தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் அது கன்றுகளிலும் பெருகும். வைரஸ் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

வைரஸ் ஏறிய பிறகு விரியும் இரண்டாவது, மூன்றாவது இலையில்தான் அடையாளம் வரும். அதனால் நோய்க் குத்துக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும் மரங்களில் அடையாளத்துக்குத் துணி கட்டி வையுங்கள். புது இலைகளைத் தொடர்ந்து பார்த்துவாருங்கள். அந்த மரங்களிலிருந்து இந்தப் பருவத்துக்குக் கன்று எடுக்கவே வேண்டாம்.